சண்டிலிப்பாயிலிருந்து சென்னைக்கு எத்தனை மணித்தியாலம்?

சென்ற ஆண்டு ஆடி விடுமுறைக்கு என் தம்பி ரொறன்ரோவிலிருந்து குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தான். முற்றத்து மாமர நிழலில் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்த அவனுடைய மகன் திடீரென்று தலைநிமிர்ந்து, "பெரியப்பா, எங்கட வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பதின்மூவாயிரத்து எழுநூறு கிலோமீற்றராம். வந்து சேர ஒரு நாளுக்கு மேல எடுத்தது. முந்தியெண்டால் எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டான்.

"எந்த வருசத்தைக் கேட்கிறாய்?" என்றேன்.

அவனுக்கு அது விளங்கவில்லை. தூரம் ஒன்றாயிருந்தால் நேரமும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும் என்பது அவன் கணக்கு. விமானம் வேகமாகப் பறந்தால் நேரம் குறையும்; அவ்வளவுதான். அவன் தகப்பனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று அவனுக்கு முழுமையாகச் சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் தூரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குப் புவியியல் படிப்பித்த ஆசிரியர், இரண்டு நகரங்களுக்கு இடையிலான வான்தூரத்தை அறிய உலக உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்வார். தாள் வரைபடத்தில் கோடு கீறினால் ஏமாந்துபோவோம் என்பார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை ரொறன்ரோக் கணக்கிலேயே காணலாம். தட்டையான வரைபடத்தில் அத்திலாந்திக்கையும் மத்தியதரைக் கடலையும் கடந்து கிழக்கே வருவதுதான் நேர்வழிபோலத் தோன்றும். உருண்டையில் நூலைப் பிடித்தாலோ அது கிரீன்லாந்தின் பனிமலைகளின் மேலேறி, ரஷ்யாவின் வடகோடியைத் தொட்டு, மத்திய ஆசியா வழியாகக் கீழே இறங்கும். அந்த நூலின் நீளந்தான் ஏறத்தாழ 13,700 கிலோமீற்றர். இலண்டனுக்கு இழுத்தால் 8,500 அளவில் வரும்.

ஆனால், எங்கள் ஊருக்கு மிக முக்கியமான கணக்குக்கு உலக உருண்டையும் வேண்டாம், நூலும் வேண்டாம். பலாலி விமானநிலையமும் சென்னை விமானநிலையமும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன. இரண்டும் கிழக்கு 80 பாகையைச் சற்றுத் தாண்டியவை. எனவே ஒன்றின் அகலக்கோட்டிலிருந்து மற்றையதைக் கழித்தாற் போதும். சென்னை வடக்கு 12.99 பாகை, பலாலி 9.79. வித்தியாசம் 3.2 பாகை. இந்த அகலக்கோடுகளில் ஒரு பாகை ஏறத்தாழ 110.6 கிலோமீற்றர்; பெருக்கினால் 354 கிலோமீற்றர். அதே நெடுங்கோட்டை ஒட்டித் தெற்கே போனால் இரத்மலானை. அது பலாலியிலிருந்து 330 கிலோமீற்றர் அளவில். அதாவது கொழும்புக்கும் சென்னைக்கும் இடையிலே, ஏறக்குறைய நட்டநடுவில் பலாலி கிடக்கிறது. சண்டிலிப்பாயோ பலாலியிலிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவு தென்மேற்கே. ஒரு யாழ்ப்பாணத்தவனுக்கு இரண்டு தலைநகரங்களும் சமதூரத்தில் இருக்கின்றன என்ற செய்தியை எந்தப் பாடப்புத்தகமும் எங்களுக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை.

இனிக் காலக் கணக்கு. எங்கள் அயலூர்களான மானிப்பாயிலும் பண்டத்தரிப்பிலும் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரிமாரில் முதற் குழுவினர் 1815 ஒக்ரோபர் 23இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் நியூபரிபோர்ட் துறையிலிருந்து 'டிரையட்' என்ற பாய்க்கப்பலில் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, 1816 மார்ச் 22இல் கொழும்பை அடைந்தனர். முழுசாக ஐந்து மாதம். சுயெஸ் கால்வாயும் நீராவிக் கப்பலும் வந்தபின் இலண்டன் பயணம் மூன்று வாரமளவுக்குச் சுருங்கியது.

சென்னைக்குப் போவது வேறு கதை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. 'போட் மெயில்' என்று எங்கள் பாட்டன்மார் சொன்ன பயணம் அது. எங்கள் ஊர்க்காரர் மல்லாகத்திலோ சுன்னாகத்திலோ புகையிரதம் ஏறித் தெற்கே மதவாச்சிவரை இறங்க வேண்டும். அங்கே வண்டி மாறி வடமேற்கே தலைமன்னாருக்குத் திரும்ப வேண்டும். பிறகு கப்பல், பிறகு தனுஷ்கோடியில் மறுபடி புகையிரதம். ஒரு பகலும் ஓர் இரவும் போதாது. வடக்கே போவதற்குத் தெற்கே போகும் இந்த விசித்திரப் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

விமானம் வந்ததும் அது நேராகியது. இரத்மலானையில் முதன்முதலாக ஒரு விமானம் தரையிறங்கியது 1935 நவம்பர் 27இல். சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ செலுத்திவந்த சிறிய 'பஸ் மொத்' விமானம் அது. பலாலி ஓடுபாதையை இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய வான்படை அமைத்தது. போருக்காகப் போட்ட அந்தப் பாதை, போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில் இலங்கை விமானப் போக்குவரத்தின் முதல் அத்தியாயத்திலேயே இடம்பிடித்தது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பியது. 'சீதாதேவி' என்று பெயரிடப்பட்ட டகோட்டா. அது நேரே சென்னைக்குப் போகவில்லை; பலாலியில் இறங்கி, பின்னரே கடலைக் கடந்தது. அக்காலக் குறிப்புகளில் அந்தத் தரிப்பிடம் 'காங்கேசன்துறை' என்றே காணப்படும்.

இதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். இலங்கை சுதந்திரம் அடைய இன்னும் இரு மாதங்கள் இருந்தன. ஜோன் கொத்தலாவல போக்குவரத்து அமைச்சராக இருந்து தொடக்கிவைத்த தேசிய விமானசேவை, தன் முதற்பயணத்திலேயே யாழ்ப்பாணத்தில் இறங்கியது. அதற்குப் பெரிய அரசியல் காரணம் தேட வேண்டியதில்லை. நேர்கோட்டின் நடுவில் ஓர் ஓடுபாதை இருந்தது. இரு பக்கமும் போய்வரும் மக்கள் இருந்தார்கள். டகோட்டா மணிக்கு 270 கிலோமீற்றர் அளவில் பறக்கும். பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஒரு முழு நாளுக்கு மேற்பட்ட பயணம் ஒரே வீச்சில் ஒரு பள்ளிக்கூட முற்பகல் நேரத்துக்குள் அடங்கிவிட்டது.

பின்னைய ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளிக்கும் பலாலியிலிருந்து விமானம் பறந்தது. நேர்தூரம் 185 கிலோமீற்றர் அளவுதான்; ஏறி, சமநிலைக்கு வந்து, இறங்கத் தொடங்கிவிட வேண்டிய தூரம். டகோட்டாக்களின் இடத்தை அவ்ரோ விமானங்கள் பிடித்தன. நான் சிறுவனாக இருந்தபோது அவ்ரோவின் இரைச்சல் கேட்டால் வயலுக்குள் ஓடிவந்து அண்ணாந்து பார்ப்போம். கல்வளைப் பிள்ளையார் கோயில் வீதியில் விளையாடிக்கொண்டிருந்த பெடியளுக்கு அது ஒரு மணிக்கூடு மாதிரி.

1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, பலாலியிலிருந்து போய்ச் சேர்ந்திருந்த அவ்ரோ ஒன்று இரத்மலானையில் குண்டு வெடித்து எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. நாட்டின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாள் அது. எயார் சிலோனின் கதையும் அத்தோடு முடிவை நெருங்கிவிட்டது. அடுத்த ஆண்டில் எயார் லங்கா வந்தது. பலாலியின் இந்தியச் சேவைக்கும் அந்த 1978தான் கடைசி ஆண்டு. அதற்கு முன்னரே, 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்திருந்தது. இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளின் நடுப்பகுதியில் நின்றுபோயிற்று.

ஆக, 354 கிலோமீற்றர் தூரத்திலுள்ள சென்னைக்குப் போகவேண்டுமென்றால் 400 கிலோமீற்றர் எதிர்த்திசையில் கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, அங்கிருந்து 640 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே பறக்கவேண்டும் என்றாயிற்று. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கட்டுநாயக்காவுக்கும் சென்னைக்கும் வரைபடத்தில் ஒரு நேர்கோடு கீறிப்பாருங்கள். அது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேலாகத்தான் போகும். இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டால், சண்டிலிப்பாய்க்குக் கிழக்கே மூன்று கிலோமீற்றர் அளவில்! வான்பாதைகள் அந்தக் கோட்டைவிட்டு அங்குமிங்கும் விலகக்கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் 2004இல் செய்திப் பணியாகச் சென்னைக்குப் பறந்தபோது, புறப்பட்டு அரை மணித்தியாலம் ஆகுமுன்னரே யன்னலுக்குக் கீழே கடனீரேரிகளும் காரைநகர்த் தாம்போதியின் மெல்லிய கோடும் தெரிந்தன. ஊரிலிருந்து கொழும்புக்கு வர எனக்கு முதல்நாள் இரவு முழுவதும் சென்றிருந்தது. இப்போது அதே ஊரைத் திரும்பவும் கடந்து போய்க்கொண்டிருந்தேன், முப்பதாயிரம் அடிக்கு மேலே.

அதுவும் நல்ல காலத்தின் கதை. 1990 யூனில் யாழ்தேவி வவுனியாவோடு நின்றது; ஏ9 வீதி மூடப்பட்டது. பலாலியையும் மயிலிட்டியையும் காங்கேசன்துறையையும் சுற்றியிருந்த மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினார்கள். ஓடுபாதை இராணுவத்தின் கையில் இருந்தது. அதனைச் சூழ்ந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. குடாநாட்டுச் சனம் வெளியே வரவேண்டுமானால் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடக்கவேண்டும். அப்படிக் கடந்தவர்கள் பலர் கடலிலேயே கொல்லப்பட்டார்கள். கொழும்புப் பயணம் மூன்று நாள், நாலு நாள், ஒரு கிழமை என்று நீண்டது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. சண்டிலிப்பாயிலிருந்து சாவகச்சேரிக்கு சாதாரண நாளில் ஒரு மணித்தியாலப் பேருந்துப் பயணம். அன்றிரவு நாவற்குழிப் பாலத்தை மட்டும் கடக்க என் பெற்றோருக்கு ஒரு முழு இரவு பிடித்தது.

1996க்குப் பின்னர் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே பொதுமக்களுக்கான தனியார் விமானங்கள் பறந்தன. 1998 செப்டெம்பர் 29இல், பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயாரின் அன்ரனோவ் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே காணாமற் போயிற்று. அதிலிருந்தவர்கள் 55 பேர். அது விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது என்று பின்னைய விசாரணைகள் கூறின. இரணைதீவுக்கு அண்மையில் கடலடியில் அதன் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டது 2012இல். ஒரு மணித்தியாலப் பறப்புக்காகப் புறப்பட்டவர்களின் உடுப்புகளை உறவினர்கள் அடையாளங்காட்டப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

அந்த விமானம் வீழ்ந்து சில மாதங்களில், 1999 தொடக்கத்தில், என் தகப்பனார் காலமானார். நான் கொழும்பில் ஒரு நாளேட்டில் இருந்தேன். தம்பி ரொறன்ரோவில். செய்தி எங்கள் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிடைத்தது. தம்பி உடனே விமானச்சீட்டு வாங்கிவிட்டான். மறுநாள் மாலை கட்டுநாயக்காவில் அவனைச் சந்தித்தேன். உலகத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தவன், சப்பாத்தைக் கழற்றாமலே, "அண்ணை, இனி எப்படிப் போறது?" என்று கேட்டான். எஞ்சியிருந்தது முந்நூறு கிலோமீற்றருக்கும் குறைவான வான்தூரம்.

பொதுமக்கள் விமானம் நின்றிருந்தது. தரைப்பாதை இல்லை. திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குமுன் பயண அனுமதி வேண்டும். நாங்கள் அலைந்த அலுவலகங்களின் கதையை இங்கே எழுதப்போவதில்லை. அன்று யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் அது பொதுவான கதை. எட்டுச் செலவு கழிந்தது. தம்பியின் விடுமுறையும் கழிந்தது. அவன் ஊரைக் காணாமலே ரொறன்ரோவுக்குத் திரும்பினான். வந்த 13,000 கிலோமீற்றருக்கு ஒரு நாள். மிச்சமிருந்ததைக் கடக்க மூன்று கிழமையும் போதவில்லை. நான் மட்டும் அந்தியேட்டிக்கு முதல்நாள் பின்னேரம் வீட்டுப் படலையைத் திறந்தேன். அயலவர் ஒருவர்தான் கொள்ளிவைத்திருந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் ஊரில் தூரத்தை அளக்க இன்னொரு கோல் உண்டு என்று அன்றைக்கு விளங்கிற்று. செய்தி கிடைத்த வேளையிலிருந்து பிரேதம் வீட்டைவிட்டு எடுக்கும் வேளைக்குள் வந்துசேர முடியுமா, முடியாதா? முடிந்தால் அது கிட்டிய இடம். முடியாவிட்டால், கொழும்பும் ரொறன்ரோவும் ஒன்றுதான்.

2002இல் சமாதான காலத்தில் ஏ9 திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. 2014 ஒக்ரோபரில் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 2019 ஒக்ரோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாண சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் விமானம் வந்திறங்கியது. 41 ஆண்டுகளின் பின்பு என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின, நானும் எழுதினேன். ஓடுபாதைக்காகவும் வலயத்துக்காகவும் காணி இழந்தவர்களில் எத்தனையோ பேர் அப்போதும் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் இருந்தார்கள் என்பதை அதே செய்தியின் கடைசிப் பந்தியில் எழுதினேன். இடமில்லை என்று அந்தப் பந்தி வெட்டுப்பட்டது. பத்திரிகைத் தொழிலில் கடைசிப் பந்தியின் விதி அதுதான்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து சேவை நின்றது. 2022 டிசெம்பர் 12இல் மீண்டும் தொடங்கியது. அது தொடங்கி ஒரு மாதம் கழித்து, தைப்பொங்கலுக்குப் பின் ஒரு நாள் இரவு, அம்மா காலமானார்.

என் தங்கை சென்னையில், அடையாறில் வசிக்கிறாள். செய்தி அவளுக்கு இரவு பத்து மணிக்குக் கிடைத்தது. நான் கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறி, விடிய வீட்டுக்கு வந்துவிட்டேன். தங்கைக்கு அடுத்த நாள் விமானம் இருந்தது தற்செயல். அப்போது அது கிழமையில் நாலு நாள்தான் பறந்தது. நேரம் மாறினால் அறிவிக்கும்படி சொல்லிவிட்டு, பிரேதம் எடுக்கும் நேரத்தைப் பின்னேரத்துக்கு வைத்தோம். சனங்கள் "சென்னையிலயிருந்து வாற பிள்ளைக்காகவோ?" என்று சந்தேகத்தோடு கேட்டார்கள். அப்படிக் காத்திருந்து ஏமாந்த செத்தவீடுகள் எங்கள் ஊரில் எத்தனையோ. மதியம் பன்னிரண்டரைக்குப் படலையில் முச்சக்கரவண்டி நின்றது. காலையில் அடையாறில் காப்பி குடித்தவள், மதியம் அம்மாவின் தலைமாட்டில் இருந்தாள்.

அவள் வந்த விமானம் இரட்டை உந்துசுழலி கொண்ட ஏரீஆர். பலாலிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். 1947இல் 'சீதாதேவி' டகோட்டா எடுத்ததைவிட அதிக வித்தியாசம் இல்லை. முக்கால் நூற்றாண்டின் தொழில்நுட்ப முன்னேற்றம் இந்தத் தூரத்தில் எங்களுக்குச் சேமித்துத் தந்தது சில நிமிடங்கள்தான். இடையில் நாங்கள் இழந்த மணித்தியாலங்களுக்கும் விமானத்தின் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னைச் சேவையைத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் வந்தது.

இவ்வளவையும் தம்பியின் மகனுக்கு அன்றைக்கு நான் சொல்லவில்லை. சொன்னது டகோட்டாவின் கதையும் கட்டுநாயக்கா நேர்கோட்டின் கதையும் மட்டுந்தான். அவன் தன் தொலைபேசியில் அந்தக் கோட்டைக் கீறிப் பார்த்தான். பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான். கோடு எங்கள் வீட்டுக்குச் சற்றுக் கிழக்கே, மல்லாகப் பக்கமாகப் போனது. "அப்ப அப்பா அப்பப்பாவின்ர செத்தவீட்டுக்கு வரேக்க, அந்தப் பிளேன் இதால போயிருக்குமோ?" என்று கேட்டான்.

"இல்லை, ராசா. அவர் மேற்கிலயிருந்து வந்தவர்" என்றான் தம்பி. பிறகு எழுந்து, கிணற்றடிக்குப் போனான்.